நோட்டம் பார்த்தவள்

படம் நன்றாக இருக்கிறது, ஆனால் இது பயணப் புகைப்படம் இல்லை என்று பிரசன்னா எழுதியிருந்தார்.

மாரிசெல்வி அதைக் கம்பெனி பஸ்ஸில், ஒரகடம் கூட்ரோட்டில் வண்டி நெரிசலில் நின்றபோது படித்தாள். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே செல்போனுக்குக் கண்ணாடி பொருத்திவிட்டு வந்த கால்கள் அதுவரை வலித்துக்கொண்டிருந்தன. படித்ததும் வலி மறந்துபோனது. கோபம் வந்துவிட்டது.

பிரசன்னா சென்னைக்காரர். ‘நகர் உலா’ என்று இணையத்தில் ஒரு புகைப்படக் குழு நடத்துகிறார். ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுப்பவர்கள் அதில் படத்தைப் போடுவார்கள், அவர் கருத்துச் சொல்வார். இந்த வருஷம் எழும்பூரில் ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், நகரங்களைப் பற்றிய நல்ல படங்களை அதில் மாட்டப்போவதாகவும் அறிவித்திருந்தார். லைன் லீடர் ஒருவரிடம் வாங்கிய பழைய கேமராவை வைத்துக்கொண்டு மாரிசெல்வி அந்தச் சுவரில் ஓர் இடத்துக்கு ஆசைப்பட்டாள். காலையில் வரிசையாக நிற்கும் கம்பெனி பஸ்களையும், கலர் கலராக யூனிஃபார்ம் போட்டு இறங்கும் ஜனங்களையும் எடுத்து அனுப்பினாள். தான் வேலை பார்க்கும் ஊரையே எடுப்பது பயணம் ஆகாது என்பது பிரசன்னாவின் கட்சி.

பஸ் நகர்வதற்குள் அவள் பதில் அடித்துவிட்டாள்.

“சார், எங்க ஊரு சங்கரன்கோவில் பக்கம். ராத்திரி பூரா பஸ்ல வந்து இறங்கித்தான் இந்த ஊரையே பாத்தேன். காசிக்குப் போறவங்களுக்குக் காசி பயணம்னா, ஒரகடத்துக்கு வந்த எனக்கு ஒரகடம் பயணம் இல்லையா?”

அனுப்புவதற்கு முன்னால் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அறைத்தோழி சுகப்பிரியாவை எழுப்பி வாசித்துக் காட்டினாள். பெரிய மனுஷரிடம் இப்படியா பேசுவது என்று அவள் பயந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல் வாசலில் இறங்கும்போது பதில் வந்தது. சரி, அந்தப் பயணத்தைப் படத்தில் காட்டுங்கள் என்று ஒரே வரி.

இதில் ஜெயித்தது யார் என்று சுகப்பிரியாவுக்கு விளங்கவில்லை. மாரிசெல்விக்கு விளங்கியது. காட்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வார லீவில் ஒரகடம் பக்கத்தில் இருக்கும் வடக்குப்பட்டுக்குப் போனாள். வயலுக்கு நடுவே மூன்று மாடி வாடகை அறைகள் முளைத்திருந்தன. மொட்டைமாடி எல்லாம் யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. நீலக் கதவு போட்ட ஒரு பழைய வீடு அவள் கண்ணைப் பிடித்தது. எடுத்து அனுப்பினாள்.

கதவு இருக்கிறது, ஆள் இல்லையே என்றார் பிரசன்னா. ஒரு தடவை போய் எடுத்தால் இப்படித்தான் வரும், அதே தெருவுக்கு வேறு வேறு நேரத்தில் போங்கள், எந்த வாசலில் எப்போது வெளிச்சம் விழுகிறது, யார் எப்போது வெளியே போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள், எல்லாவற்றையும் பொறுமையாகக் கவனியுங்கள் என்றும் சொன்னார்.

மாரிசெல்வி சொன்னதைச் செய்கிறவள். நைட் ஷிஃப்ட்டுக்கு மாறிய அந்த வாரம் முழுக்க, ஒரு நாள் காலையில், ஒரு நாள் உச்சிவெயிலில், இன்னொரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் என்று போய் அந்தத் தெருவில் நின்றாள். யார் கதவு எப்போது திறக்கிறது என்று போனில் குறித்துக்கொண்டாள். எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சுப்பன் என்கிற வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்பதைவிடக் கேட்டுவிடுவது மரியாதை என்று அவரிடம் போனாள்.

“அண்ணே, இந்த நீலக் கதவு வீட்டுல எல்லாரும் காலையில எப்ப வெளிய போவாங்க?”

“இன்னாத்துக்கு?”

“வெளிச்சம் பாக்கதுக்கு.”

சுப்பன் தலையைத் தூக்கித் தெருவிளக்கைப் பார்த்தார். “ஈபிலேர்ந்து வந்துகிறியா?”

“இல்லண்ணே. எல்லாரும் போனப்பறம் வாசல் எப்படி இருக்குன்னு பாக்கணும், அம்புட்டுதான்.”

சுப்பன் சட்டென்று எழுந்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெயில் தாங்காத மனுஷர் போலிருக்கிறது என்று மாரிசெல்வி நினைத்தாள். சாத்திய கதவும் அழகாகத்தான் இருந்தது. அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஹாஸ்டல் வார்டன் ரத்னா எல்லாப் பெண்களையும் சாப்பாட்டுக்கூடத்தில் கூப்பிட்டு வைத்து, தன் போனில் வந்த ஒரு பேச்சுப் பதிவைப் போட்டுக் காட்டினாள். யாரோ ஓர் ஆண் குரல் மூச்சு வாங்கப் பேசியது. வடக்குப்பட்டு பக்கம் ஒரு கேங் இறங்கியிருக்கிறது, வீடு வீடாக நோட்டம் பார்க்கிறார்கள், யார் எப்போது வீட்டில் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார்கள், உஷாராக இருங்கள் என்றது.

வதந்தி என்று தள்ள முடியவில்லை. கொஞ்ச நாளாகவே சுற்றுவட்டாரத்தில் பைக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் கிணற்றில் இறக்கியிருந்த தண்ணீர் மோட்டாரைக் கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

மாரிசெல்வி சட்டென்று பக்கத்தில் திரும்பினாள். “ஏட்டி, காலையில நான் அங்கதான்ட்டி நின்னேன்” என்று சுகப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தத் தெருவுலதான். தனியா.”

மயிரிழையில் தப்பினாய் என்று சுகப்பிரியா அவளுக்குத் திருநீறு பூசிவிட்டாள்.

கண்காட்சிக்குப் படம் அனுப்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. எவனோ திருடுகிறான் என்பதற்காகத் தான் அறைக்குள் இருப்பதா என்று யோசித்து, மாரிசெல்வி பிரசன்னாவிடமே பாதுகாப்புக்கு வழி கேட்டாள். அந்த விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பானவர். எங்கோ வெளிநாட்டு நகரம் ஒன்றில் கேமராவைப் பறிகொடுத்தவர். நீளமாகப் பேசி அனுப்பினார். தனியாகப் போகக் கூடாது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக் காட்டிக்கொண்டு திரியக் கூடாது, சாதாரணப் பையில் மறைத்து வைக்க வேண்டும். ஆளைக் கவராத மங்கலான துணி உடுத்த வேண்டும். ஓர் இடத்தில் நெடுநேரம் நிற்கக் கூடாது. முக்கியமாக, ஒரு தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே அதிலிருந்து தப்பிக்கும் வழி எது என்று பார்த்து வைத்திருக்க வேண்டும்.

மாரிசெல்வி ஒன்றையும் விடவில்லை. கேமரா ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் போனது. துணைக்கு வரச் சம்மதித்த சுகப்பிரியாவும் அவளும் சாம்பல் நிறச் சுடிதார் போட்டுக்கொண்டார்கள். லாரிப் புழுதிக்காகத் துப்பட்டாவால் கண் மட்டும் தெரிய முகத்தைக் கட்டிக்கொண்டார்கள். வடக்குப்பட்டில் முதலில் வீடுகளுக்குப் பின்னால் இருந்த சந்துகளில் நடந்து, எந்தச் சந்து மெயின்ரோட்டில் போய் முட்டுகிறது என்று பார்த்தார்கள். கேங் துரத்தினால் ஏறிக் குதிக்க முடியுமா என்று ஒரு காம்பவுண்டுச் சுவரில் சுகப்பிரியா கைவைத்து எம்பிப் பார்த்தாள். பிறகு அவள் தெருமுனையில் காவலுக்கு நின்றாள். சந்தேகப்படும்படி யாராவது வந்தால் மிஸ்டு கால் கொடுப்பதாக ஏற்பாடு. தெருவில் சுப்பன் தலை தெரிந்ததும் மிஸ்டு கால் வந்தது. மாரிசெல்வி கேமராவைக் கட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சந்து வழியாக ஓடிவிட்டாள்.

ஆனாலும் ஒரு நல்ல படம் கிடைத்தது. மாடியில் ஒரு பெண் நீல யூனிஃபார்மை உதறிக் காயப்போடுகிறாள், பின்னால் ஃபேக்டரிப் புகைபோக்கி. முன்னேற்றம் தெரிகிறது என்று பிரசன்னா ஒத்துக்கொண்டார். ஆனால் எல்லாம் நின்ற உயரத்திலேயே எடுத்ததாக இருக்கிறது, ஊரை மேலே ஏறி நின்று பாருங்கள், கேமராவுக்கு ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள், மாடி ஏறும் முன் கீழே இருப்பவரிடம் அனுமதி கேளுங்கள் என்றார்.

ரத்னாவின் போனுக்கும் புதுச் செய்தி வந்திருந்தது. இப்போது ரெண்டு பேராம். முகத்தை மூடியிருக்கிறார்களாம். ஒருத்தர் முனையில் நின்று போனில் சிக்னல் கொடுக்க, இன்னொருத்தர் பெரிய பையோடு உள்ளே நுழைகிறாராம். சுவர் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம்.

வடக்குப்பட்டு இனி ஆபத்து என்று தோழிகள் இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். கேங் இல்லாத ஊருக்குப் போக வேண்டும். வாலாஜாபாத் போனார்கள்.

கடைத்தெருவில் அரிசி மண்டிக்குப் பக்கத்தில் உயரமான ஒரு கட்டடம் இருந்தது. கீழே ஒரு தையல்கடை. ஸ்டாண்டைப் பழைய புடவையில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு மாரிசெல்வி தையல்காரரிடம் முறைப்படி அனுமதி கேட்டாள்.

“அண்ணே, இதுல மேல ஏறுனா பக்கத்து வீட்டு மொட்டமாடியெல்லாம் நல்லாத் தெரியுமா?”

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். தோளில் இருந்த நீளமான புடவைச் சுருளைப் பார்த்தார். தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டுமே என்று, தாங்கள் வந்த ஆட்டோவை இன்ஜினை அணைக்காமல் நிற்கச் சொல்லியிருந்தார்கள். மாடியில் நாலைந்து படம் எடுத்துவிட்டு ஓடி வந்து ஏறினார்கள். பாதுகாப்பு விதி ஒன்று கூட மீறப்படவில்லை என்பதில் இருவருக்கும் திருப்தி.

மூன்றாவது செய்தியை ரத்னா சாப்பாட்டுக்கூடத்தில் போட்டபோது பெண்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். கேங் வாலாஜாபாத்துக்குப் பரவிவிட்டது. அஞ்சு பேர். துணியில் சுற்றிய இரும்புக் கம்பி. தப்பிக்க ஆட்டோ ரெடி. மொட்டைமாடி வழியாக இறங்குகிறார்கள்.

“தெக்கத்தி ஆளுங்களாம்” என்று ரத்னா தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள். “பேச்சு அப்டி கீதாம்.”

மாரிசெல்விக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்க ஊர்க்காரங்கள அப்படிச் சொல்லாதீங்க. ஒரு தண்ணி மோட்டாரக் களவாங்கதுக்கு இம்புட்டு தூரம் எவன் பஸ் ஏறி வருவான்?”

மறுநாளே ஹாஸ்டல் கேட்டுக்குப் பூட்டு வந்தது. கம்பெனி பஸ்ஸில் ஏறலாம், பஸ்ஸில் இருந்து இறங்கலாம், மற்றபடி கேட் திறக்காது. மருந்துக்கடைக்குப் போக வேண்டும் என்றாலும் ரத்னாவிடம் சொன்னால் அவளே வாங்கி வருவாள். பக்கத்து ஹாஸ்டல்களும் அதையே செய்தன. அந்தத் தெருவில் இருந்த அத்தனை பெண்களும் வேலைக்கும் அறைக்கும் நடுவே பூட்டப்பட்டுக் கிடந்தார்கள்.

செய்தி சங்கரன்கோவில் பக்கமும் போய்ச் சேர்ந்தது. அப்பா அய்யாத்துரை போனில் கூப்பிட்டார். அம்மா பேச்சி பின்னால் அழுவது கேட்டது. அந்த ஊர் நமக்குச் சரிப்படாது, கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிடு என்றார் அப்பா. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“களவாணிப்பய தெருவுல சுத்துதான், நான் பூட்டுக்குள்ள இருக்கணுமாப்பா?” என்றாள் மாரிசெல்வி. “பூட்டு அவனுக்குல்லா போடணும்.”

அப்பா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அன்று அவள் தூங்கவில்லை. ஒரு வருஷமாக அந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது வாரத்தில் ஒரு பகல். அந்தப் பகலில் அவள் யாருடைய லைனிலும் நிற்க வேண்டாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். கால் போன தெருவில் நின்று கண்ணுக்குப் பிடித்ததைப் பார்க்கலாம். முகம் தெரியாத ஐந்து பேர் அதைப் பிடுங்கிக்கொண்டு போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. மோட்டாரைப் பறிகொடுத்தவர்களாவது போலீசில் புகார் கொடுக்கலாம். இதை யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை, லீவு இருந்த பெண்களையெல்லாம் அவள் கேட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். எல்லார் கையிலும் போன் இருந்தது. ஒருத்தி தனியாகப் போனால்தானே பயம், நாங்கள் எல்லாரும் சேர்ந்து தேரடி வரை நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம், பகல் வெளிச்சத்தில் இத்தனை பேரைக் கேங் என்ன செய்துவிடும் என்று கேட்டாள். ரத்னா முதலில் திட்டினாள். உங்கள் அப்பா அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்றாள். யாரும் நகரவில்லை.

“சாவி குடுங்கக்கா. இல்லன்னா இங்கனயே உக்காருவோம்” என்றாள் மாரிசெல்வி. சுகப்பிரியா உண்மையாகவே உட்கார்ந்துவிட்டாள்.

ரத்னா பூட்டைப் பார்த்தாள், பெண்களைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பெரிய கறுப்புக் குடையை எடுத்து வந்தாள்.

“நானும் வரேன். எவனாச்சும் கிட்ட வரட்டும், குடைலயே குத்திடறேன்.”

அப்படித்தான் அந்த ஊர்வலம் கிளம்பியது. ரத்னா குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பூக்கடை, இட்லிக்கடை, லாட்ஜ் வாசல், பஸ் ஸ்டாண்டு என்று பெண்கள் பரவி நின்று எடுத்தார்கள். ஒரு கடை வாசலில் யாரோ முறைத்தபோது ரத்னா குடையை மடக்கி அவரை நோக்கி நீட்டினாள். அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். ரத்னாவுக்கே அது பிடித்துவிட்டது. திரும்பி வரும்போது, அதோ அந்தச் சந்துக்குள்ளேயும் பாருங்கள், அங்கே நல்ல வெளிச்சம் இருக்கிறது என்று அவளே கைகாட்டினாள். தேரடியில் எல்லாரும் சிரித்துக்கொண்டு தெருவை அடைத்து நடந்து வர, எதிரே ஓடிப்போய் நின்று மாரிசெல்வி ஒரு படம் எடுத்தாள். எடுத்த உடனேயே அது நல்ல படம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அறைக்கு வந்ததும் அதைப் பிரசன்னாவுக்கு அனுப்பினாள்.

மறுநாள், காலை ஷிஃப்ட் முடிந்து அவளும் சுகப்பிரியாவும் பஸ்ஸில் இருந்து இறங்கியபோது ரத்னா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். போனை நீட்டினாள்.

நாலாவது செய்தி. கேங் ஸ்ரீபெரும்புதூருக்குள்ளேயே வந்துவிட்டது. பதினைந்து இருபது பெண்கள். பட்டப்பகலில் கடை கடையாக நோட்டம். தலைவி ஒரு வயசான பொம்பளை, குடையில் கத்தி வைத்திருக்கிறாள். கீழே, முன்பு வடக்குப்பட்டில் யாரோ மாடியில் இருந்து எடுத்த மங்கலான ஒரு படமும், நேற்று எடுத்த இன்னொரு படமும் இருந்தன.

சுகப்பிரியா முதல் படத்தை விரித்துப் பார்த்தாள். தெருமுனையில் முகத்தை மூடிக்கொண்டு ஓர் உருவம் நின்றது.

“ஏ மாரி” என்றாள் மெதுவாக. “இது என் துப்பட்டால்லா?”

மாரிசெல்வி அந்தப் படத்தையே பார்த்தாள். பின்னால் சந்துக்குள் ஓடும் இன்னோர் உருவத்தின் கையில் கட்டைப்பை இருந்தது. சுப்பன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது, தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுத் தலையாட்டியது, இன்ஜினை அணைக்காத ஆட்டோ, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவள் கண்முன் நின்றன.

“அக்கா, அந்தக் கேங்கு நாங்கதான்” என்றாள்.

“சும்மா இரும்மா” என்று ரத்னா எரிந்து விழுந்தாள். “நீயா கேங்கு? ரெண்டாவது வாட்டி ரசம் கேக்கவே பயந்துகினு இருப்ப. அத வுடு. என்னப் போயி வயசான பொம்பளன்னு எவன் சொன்னான்?”

துப்பட்டாவை எரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றாள் சுகப்பிரியா. நாலு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றாள். மாரிசெல்வி மாடியை அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஹாஸ்டலிலும் அதே மாதிரி ஜன்னலில் முகங்கள் இருந்தன.

“நாலு வாரம் இவங்க உள்ள இருக்கணுமா? இல்லாத ஒருத்தனுக்காக?” என்றாள். அறைக்குப் போய்க் கேமராவைக் கட்டைப்பையில் இருந்து வெளியே எடுத்து, முதல் தடவையாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். “நான் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

ரத்னா போய் நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். குடையை மட்டும் எடுக்கவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இல்லை. சுபஸ்ரீ என்று பெயர் குத்தியிருந்த ஒரு பெண் கான்ஸ்டபிள் இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். காத்திருந்தபோது மாரிசெல்வியின் போன் அதிர்ந்தது. பிரசன்னா எழுதியிருந்தார். தேரடிப் படம் தேர்வாகிவிட்டதாம். ஒரு குறையும் சொல்லவில்லை. ஊருக்கு வந்தவர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டதைப் பார்க்கிறேன், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், இதைப் பெரிதாகப் போட்டு நடுச்சுவரில் மாட்டப்போகிறோம் என்றிருந்தது.

மாரிசெல்விக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. ஊரே தேடும் திருட்டுக் கூட்டம், தலைவியோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு வரும் படம் எழும்பூரில் நடுச்சுவரில் தொங்கப்போகிறது என்றுதான் தோன்றியது.

சுபஸ்ரீ போனை வைத்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள். மாரிசெல்வி எழுந்து நின்றாள். நீலக் கதவில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். வெளிச்சம் பார்த்தது, சந்து பார்த்தது, மாடி ஏறியது, புடவையில் சுற்றியது இரும்புக் கம்பி இல்லை, கேமரா ஸ்டாண்டு என்பது.

“கேங்குன்னு ஒண்ணு கிடையாது மேடம். எல்லாம் நான் ஒருத்திதான். இவங்க குடை புடிச்சது வெயிலுக்கு. எம்மேல என்ன கேஸ் வேணா போடுங்க, ஆனா ஹாஸ்டல் கேட்டத் தொறக்கச் சொல்லுங்க. இன்னொண்ணும் சொல்லிருதேன். அடுத்த லீவுக்கும் நான் படம் எடுக்கப் போவேன். தெருவுல நிக்கது குத்தம்னா, எந்தச் சட்டத்துல இருக்குன்னு எனக்குக் காட்டுங்க.”

ரத்னா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மாரிசெல்வி உட்காரவில்லை.

சுபஸ்ரீ கோபப்படவில்லை. கையை நீட்டிக் கேமராவை வாங்கினாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். வடக்குப்பட்டுப் படம் ஒன்றில் நின்று பெரிதாக்கினாள். வாலாஜாபாத் மாடியில் இருந்து எடுத்ததைப் பெரிதாக்கினாள். பிறகு தேரடிப் படம். மறுபடியும் முதல் படத்துக்குப் போனாள். மூன்றிலும் ஓரத்தில், ஒரே பைக்கின் மேல் நெருக்கி உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துக் கண் பிதுங்கி விழித்துக்கொண்டிருந்த மூன்று ஆண்களை விரலால் தொட்டாள்.

“அது யாரோ மேடம், குறுக்க வந்துட்டாங்க” என்றாள் மாரிசெல்வி. “அந்த ஓரத்த வெட்டணும்.”

சுபஸ்ரீ கேமராவை மேஜைமேல் பத்திரமாக வைத்தாள். எழுந்து நின்று, முதலில் ரத்னாவையும் பிறகு மாரிசெல்வியையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“வெட்டாதம்மா, பைக்கு, மோட்டாரெல்லாம் திருடின கேங்கு இந்த மூணு பேருதான், எங்க திருடப் போனாலும் மஃப்டில ஒரு லேடி போலீசு கேமராவோட முன்னாடியே வந்து நிக்குது, நேத்து குடை புடிச்சிகினு இன்ஸ்பெக்டரம்மாவே ஒரு படையக் கூட்டிகினு தேரடிக்கு வந்துட்டாங்க, இதுக்கு மேல ஓட முடியாதுன்னு சாய்ந்தரமே இங்க வந்து அழுதுகினே சரண்டர் ஆயிட்டானுங்க.”